ஷ்பயருக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ஜெர்மனியின் ரைன் நதிக்கரைப் பயணக் கட்டுரையில் ஒரு வரி: "கொலோன் தேவாலயத்தைப் பார்த்தவர்கள் ஷ்பயரில் இறங்க வேண்டியதில்லை, அதே கோதிக் பாணி, அளவில் சிறியது, அரை மணி நேரம் போதும்." இதை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் வயிறு எரிந்தது.

ஷ்பயர் கோதிக் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கொலோனில் அஸ்திவாரம் போட்டது 1248இல். அதற்கு 187 வருஷம் முன்பே, 1061இல், ஷ்பயர் பேராலயத்தைப் புனிதப்படுத்தி அர்ச்சித்துவிட்டார்கள். கொலோனில் வளைவெல்லாம் மேலே கூம்பி நிற்கும், அது கோதிக். ஷ்பயரில் அரைவட்டமாக வளைந்து இறங்கும், அது அதற்கு முந்தைய ரோமானெஸ்க் பாணி. 134 மீட்டர் நீளக் கட்டடத்தைச் சிறியது என்று எழுத எப்படி மனம் வந்தது? இன்று நிற்கிற ரோமானெஸ்க் தேவாலயங்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

என் கோபம் இந்தக் கட்டுரையோடு தொடங்கியதில்லை. 2018இல் நானும் என் கணவரும் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு ஐரோப்பா போனோம். பயணத்திட்டத்தில் ஷ்பயர் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவள் நான். பஸ் நேராக ஜம்போ விமானம் நிறுத்தி வைத்திருக்கும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே இரண்டு மணி நேரம். மரங்களுக்கு மேலே பேராலயத்தின் கோபுரங்கள் தெரிகின்றன, நடந்தே போய்விடலாம். வழிகாட்டியிடம் கேட்டேன். "சர்ச்தானேம்மா, கொலோனில் பார்த்தாச்சே" என்றார். தங்கள் கட்டுரையாளர் எழுதியதும் அதே வார்த்தைதான்.

போன வருஷம் மான்ஹைமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். காலையில் நுழைந்தவள் மாலையில்தான் வெளியே வந்தேன்.

முதலில் நிலவறைக்கு இறங்க வேண்டும். 1041இல் அர்ச்சித்த இடம். குட்டைத் தூண்கள், அவற்றின் மேல் சிவப்பும் வெளிர்மஞ்சளுமாக மாறி மாறி அடுக்கிய மணற்கல் வளைவுகள். ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தேன், கோடைக்காலத்திலும் சில்லென்றிருந்தது. அப்புறம் ஹாப்ஸ்பர்க் ருடால்ஃபின் கல்லறைப் பலகை. 1291இல் இறந்த ஜெர்மன் அரசர். மூக்கு நீண்டு, கன்னம் ஒட்டி, நெற்றியில் கோடு கோடாகச் சுருக்கம். அரசருக்குப் புதிதாக ஒரு சுருக்கம் விழுந்தது என்று கேள்விப்பட்டால் சிற்பி நேரில் போய்ப் பார்த்து அதையும் செதுக்குவாராம், பழைய கதை. அந்த முகத்துக்கு எதிரே நின்றபோது எனக்கு என் அப்பா நினைவு வந்துவிட்டது.

எட்டு அரசர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களில் நான்காம் ஹைன்ரிஷ், 1077இல் இத்தாலியில் கனோசா கோட்டை வாசலில் போப்பாண்டவரின் மன்னிப்புக்காகப் பனியில் காத்து நின்றவர். 1106இல் இறந்தபோது திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்ததால் அவரது சவப்பெட்டி, அர்ச்சிக்கப்படாத பக்கச் சிற்றாலயம் ஒன்றில் ஐந்து வருஷம் கிடந்தது. அவரைப் பதவியிலிருந்து இறக்கிய மகனே 1111இல் நல்லடக்கம் செய்தார். இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் நின்றபோது பேச வாய் வரவில்லை.

1689இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படை ஊரைக் கொளுத்தியது. பேராலயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி மக்கள் கட்டில், பீரோ, துணிமணி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய் அடுக்கினார்கள். அந்தச் சாமான்களே தீக்கு விறகாயின. நடுக்கூடத்தின் மேற்குப் பகுதி இடிந்து விழுந்தது. பிறகு வந்தவர்கள் தங்கள் காலத்துப் பாணியில் கட்டாமல், பழைய பாணியிலேயே எடுத்துக் கட்டினார்கள். அத்தனை பேர் பாடுபட்டுக் காப்பாற்றியதை இங்கே ஒருவர் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார்.

இரண்டு வருஷம் முன்பு வோர்ம்ஸ் பேராலயத்தின் படத்துக்கு மைன்ஸ் என்று பெயர் போட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். கடிதத்தின் கடைசி இரண்டு வரி, தங்கள் இதழை நான் பாராட்டியிருந்த பகுதி மட்டும், வெளிவந்தது. திருத்தம் வரவில்லை. இருபத்தேழு வருஷச் சந்தாதாரருக்கு அது வலிக்கும் என்று தங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் கேட்பது மூன்று வரி. ஷ்பயர் பேராலயம் ரோமானெஸ்க் பாணி. நீளம் 134 மீட்டர். 1981 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அடுத்த இதழில் எந்த மூலையில் போட்டாலும் சரி. கூடவே, நிலவறைக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சேருங்கள். படம் வேண்டுமானால் நான் எடுத்தவை இருக்கின்றன, அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை,
கும்பகோணம்