குட்டி விஷயமா அப்பா எழுதுறேன்

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியாமா. நேத்து போன்ல நீ சரியா பேசல, "சரிப்பா, சரிப்பா"ன்னு சொல்லி வச்சிட்ட. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு நீ கண்டுபிடிச்சிட்டன்னு. போன வாரம் குட்டி போட்டோ ஒண்ணு அனுப்புங்கன்னு கேட்ட இல்ல, நான் அனுப்பினது பழசு. அனுப்பிட்டு ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பெருசு பண்ணிப் பார்த்தா பின்னாடி சுவத்துல டெய்லி கேலண்டர், அதுல கொட்டை எழுத்துல ஜனவரி 14. பொங்கல் அன்னிக்கு வெயில்ல படுத்திருந்தப்ப எடுத்தது. காலம் பூரா தபாலாபீஸ்ல தேதி முத்திரையோட குப்பை கொட்டினவன், கடைசியில தேதியில மாட்டிக்கிட்டேன் பாரு.

குட்டி இல்லமா. உன் நாய் பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை விடிகாலை போயிடுச்சு. உனக்கு மறுநாள்ல இருந்து எக்ஸாம். சொல்ல வேணாம்னு முடிவு பண்ணது நான்தான், உங்கம்மா இல்ல. நீ வீடியோ கால்ல வந்தப்பல்லாம் "தூங்குது, எழுப்பாத"ன்னு அம்மா சொன்னாளே, அதை அவ வாயில வச்சதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் போனை வச்சதும் சமையல்கட்டுக்குப் போயி குழாயைத் திறந்து விட்டுட்டு நிப்பா. அவ மேல கோவப்படாத.

போன்ல சொன்னா நான் பாதியில உடைஞ்சிடுவேன், அதான் டைப் பண்றேன், ஒத்த விரல்ல. தப்பு இருந்தா கண்டுக்காத.

நீ அதை எடுத்துக்கிட்டு வந்த நாள் எனக்கு மறக்காது. 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூர்ல அடிச்ச அன்னிக்கு நம்ம ஊர்லயும் ஒரே மழை, கரண்ட் இல்ல, நீ அஞ்சாவது படிக்கிற. பால் வாங்கப் போன பொண்ணு பாலு வாங்காம கவுனுக்குள்ள எலி மாதிரி ஒண்ணைச் சுருட்டிக்கிட்டு வந்து நிக்கிற. மதகுக்குக் கீழ கிடந்துச்சாம், மத்ததெல்லாம் தண்ணியில போயிடுச்சாம். உங்கம்மா வாசப்படி தாண்டக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டா. கோணியைப் போட்டு திண்ணையிலயே இருக்கட்டும், மழை விட்டதும் கொண்டு போய் விட்டுடணும்னு பேச்சு. மழை ரெண்டு நாள்ல விட்டுடுச்சு, அது பதிமூணு வருஷம் இருந்துச்சு. பேரு கூட சரியா வைக்கல, குட்டி குட்டின்னு கூப்பிட்டு கிழவி ஆனப்புறமும் குட்டிதான்.

என்ன லொள்ளு பண்ணுச்சு தெரியுமா அது. தபால்காரன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, காக்கி போட்ட வேற எந்த போஸ்ட்மேன் தெருவுக்குள்ள வந்தாலும் விடாது. நான் ரிட்டயர் ஆனப்புறம் வந்த பையன் நம்ம வீட்டு லெட்டரை மட்டும் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போவான். எனக்கு அவமானமா இருக்கும், உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாவும் இருக்கும், அதை எதுக்கு மறைக்கணும். 2005ல நம்ம டிபார்ட்மெண்ட் நாலு ஜாதி நாய்க்கு ஸ்டாம்பு போட்டாங்க, ராஜபாளையம் கூட அதுல ஒண்ணு, நானே கவுண்டர்ல பார்த்திருக்கேன். தெரு நாய்க்கு யாரு ஸ்டாம்பு போடுவா.

இப்ப சொல்ல வேண்டியதைச் சொல்லிடுறேன், இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை வந்துச்சே, மலை சரிஞ்சு ஏழு பேர் மண்ணுக்குள்ள போனாங்களே, அந்த வாரம் பூரா வீடே ஈரம். குட்டி அம்மா கட்டிலுக்கு அடியிலயே கிடந்துச்சு, இடி இடிச்சா உடம்பு உதறும் உனக்குத்தான் தெரியுமே. (ஆமா, வாசப்படி தாண்டக் கூடாதுன்னவ கட்டிலுக்கு அடியிலதான். குளிருதுன்னு அவளோட பழைய சுங்குடிப் புடவையை மடிச்சுப் போட்டிருந்தா.) அந்த ஈரத்துக்கு அப்புறம் பின்னங்கால் ரெண்டும் எழுந்துக்க விடல. எழுந்திருக்கும்போது முன்கால்ல ஊனி, பின்னாடி ஒரு தடவை வழுக்கி, என்னை ஒரு பார்வை பார்த்துட்டு மறுபடியும் ஊனும். மொசைக் தரைல நகம் கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும். மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு தினம் நினைப்பேன், ஆட்டோக்காரன் நாயை ஏத்த மாட்டேங்குறான், எனக்கு முட்டி வலி, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். ஜனவரி கடைசியில ஒரு நாள் ராத்திரி அது முனகுன முனகல் கேக்க முடியாம என் முட்டி வலி மாத்திரையில பாதி உடைச்சு தயிர் சாதத்துல வச்சுக் குடுத்தேன். காலையில சுறுசுறுப்பா கேட் வரைக்கும் நடந்து போச்சு. எனக்கு என்னமோ பெரிய டாக்டர் ஆயிட்ட மாதிரி சந்தோசம். அடுத்த நாளும் குடுத்தேன், அதுக்கு அடுத்த நாளும். அஞ்சு நாள் குடுத்தேன் பாப்பா.

ஆறாம் நாள் சோறு வேணாம்னு மூஞ்சைத் திருப்பிக்கிச்சு. தண்ணி மட்டும் சொம்பு சொம்பா குடிச்சுட்டு அப்படியே வாந்தி. வெளிய போனது கருப்பா தார் மாதிரி இருந்துச்சு. அன்னிக்குத்தான் பக்கத்துத் தெரு பையன் காரை எடுத்துக்கிட்டு வந்தான், தூக்கிட்டு ஓடினோம்.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும். வாயை மோந்து பார்த்துட்டே சொல்லிட்டாங்க கிட்னின்னு. ரத்தத்துல கிரியாட்டினின்னு ஒரு கழிவு, அது ஒண்ணரைக்குள்ள இருக்கணுமாம், நம்ம குட்டிக்கு ஒம்பதைத் தாண்டியிருந்துச்சு. என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்க, அட்டையை எடுத்து நீட்டினேன். டைக்ளோஃபினாக். அவங்க திட்டல, திட்டியிருந்தா தேவலை. அட்டையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, "இது நாய்க்கு ஆகாதுங்க அய்யா, வயித்துல புண்ணாக்கி கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைச்சிடும்"னு மெதுவா சொன்னாங்க. நம்ம வீட்டுல இருக்கிற வலி மாத்திரை எதையுமே நாய்க்குத் தொடக் கூடாதாம், காய்ச்சல் மாத்திரை கூட.

இதுல எனக்கு எது தாங்கலன்னா, எனக்கு இந்த மருந்தோட கதை தெரியும். மாட்டுக்கு இந்த ஊசியைப் போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகு எல்லாம் கிட்னி கெட்டு கூட்டம் கூட்டமா அழிஞ்சு போச்சுன்னு 2006ல மாட்டுக்குப் போடவே கூடாதுன்னு கவர்மெண்ட்டு தடை பண்ணாங்க. முதுமலை, மாயாறு பக்கம் மிச்சம் இருக்கிற கழுகைப் பத்தி பேப்பர்ல வந்தா வெட்டி வைக்கிறவன் நான். உனக்கே படிச்சுக் காட்டியிருக்கேன். அதே பேரு என் சட்டைப் பாக்கெட்ல இருந்த அட்டையில இருக்குது, எனக்கு உறைக்கல. கழுகு வேற நாய் வேறன்னு கூட நினைக்கல, நினைச்சே பார்க்கலங்கிறதுதான் நிஜம்.

டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. வயசான நாய், கிட்னி முன்னாடியே தேய்ஞ்சிருக்கலாம், முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தத்துல காட்டும், மாத்திரையால மட்டும்தான்னு சொல்ல முடியாதுன்னு. எனக்காகச் சொன்னாங்களோ என்னமோ. உங்கம்மா அதைப் பிடிச்சுக்கிட்டா, தினம் ஒரு தடவை எனக்குச் சொல்றா. நான் தலையாட்டிக்கிறேன்.

மூணு நாள் சலைன் ஏத்தினாங்க. முன்னங்கால்ல சதுரமா முடியைச் சிரைச்சு சலைன் ஏத்துற வீன்ஃப்ளான் ஊசியைக் குத்தியிருந்தாங்க. அந்த இடத்துல தோலு ரோஸ் கலர்ல, பொறந்த குழந்தை தோலு மாதிரி இருந்துச்சு, பதிமூணு வருஷத்துல அந்தத் தோலை நான் பார்த்ததே இல்ல. நாலாம் நாளும் அந்தக் கிரியாட்டினின் எண் குறையல. கஷ்டப்படாம போறதுக்கு ஊசி போட்டுடலாம், முதல்ல மயக்கம் குடுத்துடுவோம், ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க. ஒரு கையெழுத்துதான். அம்மா வேணாம்னு அழுதா. நானும் வேணாம்னு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். அதுவும் தப்புன்னுதான் இப்ப நினைக்கிறேன். அம்மா அழுதான்னு சாக்கு சொல்லிக்கலாம், ஆனா எனக்குத்தான் பேனாவைப் பிடிக்கத் தைரியம் இல்ல. ரெண்டு நாள் சும்மா கஷ்டப்பட்டுச்சு, கடைசி ராத்திரி ரெண்டு தடவை வலிப்பு வந்துச்சு. அதுக்கு மேல அதைப் பத்தி எழுதல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். சனிக்கிழமை சாயங்காலம் உன் குரலைக் கேக்க வைக்கலாம்னு உன் வாய்ஸ் மெசேஜைத் தேடினேன், நல்லதா ஒண்ணும் கிடைக்கல. கடைசியா இருந்தது "அப்பா, பேங்க்ல கேஒய்சி குடுத்தீங்களா இல்லையா, எத்தனை தடவை சொல்றது"ன்னு நீ கத்துறது. சரி இருக்கட்டும்னு காதுகிட்ட வச்சேன். கண்ணைத் திறக்கல, ஆனா வாலு ரெண்டு தடவை தரையில தட்டுச்சு. நீ ஜெர்மனியில இருந்து என்னைத் திட்டினதுக்கு வால் ஆட்டிட்டுப் போயிருக்கு உன் நாய்.

வீட்டுக்குப் பின்னாடி எலுமிச்சைக்கும் சுவத்துக்கும் நடுவுல குழி வெட்டினோம். மூணு அடிக்குக் கீழ பாறை. அம்மா அந்த சுங்குடிப் புடவையிலயே சுத்தினா, அஞ்சு கிலோ கல்லுப்பு கொட்டி மூடினோம். எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, "தென்னை அடியில போட்டிருந்தா நல்லா காய்க்குமே சார்"னு சொன்னாரு. நல்ல மனுசன்தான், ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க, நானே ஒரு காலத்துல யாருக்காவது சொல்லியிருப்பேன். அன்னிக்கு அவரை அடிச்சிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சு ரேஷன் கடை வரிசையில ஒருத்தர் "நாய்க்கா சார் இவ்வளவு"ன்னாரு, அதுக்கும் பதில் சொல்லல. ஷேவ் பண்ணாம இருந்தேன், அவ்வளவுதான்.

உனக்கு எடுத்தனூர் ஞாபகம் இருக்கா? தண்டராம்பட்டு பக்கம் எனக்கு தபால் குடுக்கிற பீட் இருந்தப்ப லீவு நாள்ல டிவிஎஸ் 50ல முன்னாடி நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போனேன், நடுகல் பார்க்க. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லு, 1400 வருஷம் ஆகுது. எருமைக் கூட்டத்தைக் காப்பாத்தி செத்த வீரனுக்கு வச்சது, பக்கத்துலயே அவன் நாயையும் செதுக்கி, அதும் பேரு கோவிவன்னு வெட்டி வச்சிருக்காங்க. கள்ளனைக் கடிச்சுக் காத்திருந்தவாறுன்னு முடியும். நாய்க்கு ஏம்பா பேரு எழுதியிருக்காங்கன்னு நீ கேட்ட, நான் என்னமோ சொல்லி மழுப்பினேன். காத்திருந்தவாறுன்னா காவல் காத்ததுன்னுதான் அர்த்தம். ஆனா 2023ல நீ பிளைட் ஏறினப்புறம் ஒரு மாசம், சாயங்காலம் அஞ்சரைக்கு, உன் காலேஜ் பஸ் வர்ற நேரத்துக்கு அது கேட்ல மூக்கை வச்சு உக்காந்திருந்ததைப் பார்த்தவன் நான். எனக்கு அந்த வார்த்தை இப்ப வேற மாதிரியும் கேக்குது.

அம்மா இன்னமும் சோறு வடிக்கும்போது ஒரு கரண்டி கூடவே போடுறா. மிஞ்சினதைத் தெருமுனையில இருக்கிற வெள்ளை நாய்க்கு வைக்கிறா, ஆனா குட்டி தட்டுல இல்ல, இலையில. தட்டு உன் ரூம் அலமாரியில இருக்கு, ஓரமெல்லாம் பல்லு பட்ட தடம். சங்கிலியைப் பழைய இரும்புக்காரன் கேட்டான், குடுக்கல. வேற குட்டி கொண்டாந்து தரேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல. எனக்கு இப்போதைக்கு வேணாம், என் கையை நம்பி எதையும் வளக்க பயமா இருக்குது.

கோவம் இருந்தா திட்டு. செத்ததைச் சொல்லாததுக்கு ஒரு தடவை, மாத்திரைக்கு ஒரு தடவை. என்கிட்ட பேசப் பிடிக்கலன்னா அம்மா போனுக்குப் பண்ணு. வீடியோவுல பின்பக்கம் காட்டச் சொல்லாத. இல்ல, சொல்லு, காட்டுறேன்.

குழி மேல உடைஞ்ச அம்மிக் குழவியை நட்டு வச்சிருக்கேன். கேட்டுக்கு அடிச்ச பச்சை பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருக்குது, பேரு எழுதலாம்னு பார்க்கிறேன். வெறும் குட்டின்னு எழுதவா, இல்ல நீ அந்தத் தடுப்பூசி கார்டுல என் இனிஷியலைப் போட்டு "ச. குட்டி"ன்னு எழுதி வச்சிருக்கியே, அப்படியே எழுதவா?

அப்பா