பல்லவ அரசி சாமவையின் கதையையும் மைக்கில் சொல்லுங்கள்

நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகும் குழுக்களின் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன வருஷம் ராத்திரி தங்கலில் மைக் பிடித்த ஒருவர், திருமலைக் கோயிலைக் கட்டியதே கிருஷ்ணதேவராயர்தான் என்றார். அடுத்து வந்தவர், "எல்லாம் நம்முடையது, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்" என்று 1960 எல்லைப் பிரிவினைக்குத் தாவினார். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனதும் நாம் ஆந்திரப் பக்கம் நின்றதும் தெரிந்த சேதிதான். காலில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது?

ராயர் 1513இல் முதல்முறை வந்தார், மொத்தம் ஏழு தடவை வந்தார், அள்ளிக் கொடுத்தார். இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவர் சிலையை இன்றும் பார்க்கலாம். ஆனால் அவர் வரும்போதே அது மிகப் பழைய கோயில். அகநானூற்றில் மாமூலனார் 'விழவுடை விழுச்சீர் வேங்கடம்' என்கிறார். புல்லி என்ற தலைவனின் மலை அது. அந்த மலையே கிடைத்தாலும் பிரிந்துபோன காதலன் அங்கே தங்கிவிட மாட்டான், திரும்பி வருவான் என்று தலைவிக்குத் தோழி சொல்லும் பாட்டு. விழா அப்போதே இருந்திருக்கிறது, பாருங்கள். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் அருவி பாயும் வேங்கடத்து உச்சியில் நெடியோன் நிற்பதைப் பார்க்கப் புறப்பட்டவன். நம் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஆள்!

சாமி பெருமாளா, சிவனா என்று வழியெல்லாம் நடக்கும் சண்டைக்கும் பேயாழ்வாரிடம் ஒரு பதில் இருக்கிறது. தாழ்சடையும் நீள்முடியும், மழுவும் சக்கரமும் ஒரே இடத்தில் தோன்றுகின்றன என்று பாடிவிட்டு, 'இரண்டுருவும் ஒன்றாய் இசைந்து' என்று முடிக்கிறார். எனக்கு அது போதும்.

நான் மைக்கில் கேட்க ஆசைப்படுவது சாமவையின் கதை. காடவன் பெருந்தேவி என்றும் பெயர். பல்லவ வம்சத்து அரசி. மூலவரைப் போலவே வெள்ளியில் ஒரு திருமேனி செய்வித்து, நகை பூட்டி, பூஜைக்கு நிலமும் எழுதிவைத்தாள். புரட்டாசித் திருவிழாவுக்கும் ஏற்பாடு செய்தாள். நாம் மஞ்சள் துணி கட்டி நடக்கும் அதே புரட்டாசி! இது நடந்தது 614 என்பாரும் உண்டு, 966 என்பாரும் உண்டு. கல்வெட்டு அரசனின் ஆட்சியாண்டைத்தான் சொல்கிறது. அந்த வெள்ளித் திருமேனிதான் போக சீனிவாசர். ராத்திரி ஏகாந்த சேவையில் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவது இவரைத்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு பெண் கொடுத்த பொருள் இன்னும் தினம் புழக்கத்தில் இருக்கிறது. நம் வீட்டில் பாட்டி கொடுத்த அண்டா கூட அவ்வளவு நாள் தாங்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. 13ஆம் நூற்றாண்டில், இந்தப் பக்கத்தை ஆண்ட யாதவராயர் காலத்தில், கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துத் திரும்பவும் கல்லில் வெட்டிவைத்தார்கள். யார் என்ன கொடுத்தார் என்ற கணக்கு தொலையக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. திருமலையிலும் திருப்பதியிலுமாக உள்ள ஆயிரத்துச் சொச்சம் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். இதை மார்தட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. பக்கத்தில் நடந்து வரும் தெலுங்குக்காரர்களுக்கும் நாமே படித்துச் சொல்லலாமே என்றுதான். உள்ளே போனால் 'ஜரகண்டி, ஜரகண்டி' என்று தள்ளிக்கொண்டே போவார்கள். நின்று பார்க்க நேரம் ஏது? வழியிலேயே கேட்டுக்கொண்டு போனால்தான் உண்டு.

அதனால் இந்த வருஷம் வடமாலைப்பேட்டையில் சாப்பாடு முடிந்ததும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பேச ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன். முழங்கால் போய்விட்டது, கூட நடக்க முடியாது. பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறேன். மைக் மட்டும் இரையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்பு உங்களோடு நடந்துவந்த நகரிக்காரன்