தேயிலைக்கு மேலே உள்ள மலை

அக்கரப்பத்தனை

அன்பு மகளுக்கு,

முழங்கால் வலியோடு மலையேறலாமா என்று நீ தொலைபேசியில் கடிந்துகொண்டபோது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, ஆகவே எழுதுகிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் நாள்தோறும் "மலைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவன் நான். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இடத்துக்குத்தான் மலை என்று பெயர் என்பதால், தேயிலைக்கு மேலே இருக்கும் மலை எதிலும் கால் வைத்ததில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் ஏறியது தொட்டுபொல மலை. 2,357 மீட்டர் உயரத்தோடு இலங்கையில் மூன்றாவது இடம் அதற்கு. ஆனால் பட்டிப்பொல ரயில் நிலையமே 1,891 மீட்டரில் இருப்பதாலும், அங்கிருந்து ஹோட்டன் சமவெளிவரை வாகனம் போவதாலும், நடந்து ஏற வேண்டியது சொற்பம்தான். தொட்டுபொல என்றால் சிங்களத்தில் துறை. இராவணனின் விமானம் இறங்கிய துறை என்பார்கள். உன்னோடு படித்துவிட்டு இப்போது வழிகாட்டியாக இருக்கும் பையன் கூட வந்தான்.

நம் சவுக்கும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, நெடுநெடுவென்று வளரும். அங்குள்ள மரங்களோ காற்றோடு மல்லுக்கட்டி முறுகி, குட்டையாகக் குடை விரித்து நிற்கின்றன. இலைகள் சிறுத்துத் தடித்திருக்கின்றன, கிளைதோறும் பாசி. ஒரு கொத்தைப் பிழிந்தேன், உள்ளங்கை நிறையத் தண்ணீர். மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டிக்கொண்டே இருக்குமாம். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு அந்த மேட்டுநிலத்திலிருந்துதான் நீர் இறங்குகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், மலைநீர் கொட்டும் பீலியில் பல் நடுங்கக் குளித்த காலத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டிராத என் அறியாமையை நினைத்து வெட்கப்பட்டேன்.

5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை அழிக்க வேண்டாம் என்று ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 1873இல் அரசுக்கு அறிவுரை சொன்னாராம். எல்லா இடத்திலும் அது காக்கப்படவில்லை. நுவரெலியாப் பக்கம் 6,000 அடியிலும் தேயிலை நிற்கிறது. வெட்டச் சொன்னவர்கள் துரைமார்கள் என்றாலும் கத்தி பிடித்தவை நம் முன்னோரின் கைகள்தாம். நம் ஊர்ப் பெயரில் ஒட்டியிருக்கும் பத்தனை கூட அந்த உயரத்துப் புல்வெளியைக் குறிக்கும் சொல்தான் என்று அந்தப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரான் மரங்களையும் காட்டினான். அதே இனம் நீலகிரியிலும் இமயமலையிலும் உண்டாம், இடையிலுள்ள சமவெளிகளில் இல்லையாம். ஆனால் என்னை அரைமணி நேரம் நிறுத்திவைத்தது ஓர் ஓணான். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு முளைத்து, பாசியோடு பாசியாக அசையாமல் ஒட்டியிருந்தது. நம் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. படத்தைப் பார்த்த அம்மா, கொழுந்து இல்லாத மலையில் இதைப் பார்க்கவா போனீர்கள் என்று கேட்டுவிட்டு, பிறகு பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்.

முழங்கால் இரண்டு நாள் வலித்தது உண்மை. அடுத்து கிரிகல்பொத்தை மலைக்குப் போக எண்ணியிருப்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை; நீயும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா