ஆய்வேடு கேட்கிறீர்கள், தேடவும் கற்றுக்கொடுங்கள்

தில்லிக் கல்லூரிகளில் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் நம்மவர்களுக்கும்,

வணக்கம்.

நாலாம் ஆண்டு ஆய்வேட்டு மதிப்பீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலைபார்க்கும் கல்லூரியிலும் அதேதான். எங்கும் வெளிவராத கட்டுரைகளைத் துணைநூற்பட்டியலில் போட்டிருந்த மாணவர்களை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்கள். மறுவாரம் சுற்றறிக்கை வந்தது: சாட்ஜிபிடி கூடாது, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கை 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சோதிப்பது என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார், எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

மதிப்பீடு முடிந்த அன்று மாலை ஒரு மாணவி நூலகத்துக்கு வந்தாள். தமிழர்கள் வாழ்ந்த ஜங்புரா மதராசி கேம்ப் பற்றி எழுதுகிறாள். 2025 ஜூன் 1 அன்று உயர்நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்ட, பாராபுல்லா வடிகாலை ஒட்டிய அதே குடியிருப்புதான். அவளுடைய சொந்தக்காரர்கள் அங்கே இருந்தவர்கள். கையில் இருந்த பட்டியலில் பாதி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. "மேடம், ஒரு கட்டுரை நிஜமா இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது?" என்று கேட்டாள். கல்லூரியில் நாலாவது வருடம் படிக்கும் பெண்ணின் கேள்வி இது. அவள் மேல் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை.

உட்காரவைத்து முதல் பதிவை எடுத்தோம். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழ், 2018, தொகுதி 47 என்று இருந்தது. அந்த இதழ் 1966இல் தொடங்கியது, வருடத்துக்கு ஒரு தொகுதி. அப்படிப் பார்த்தால் 2018க்குத் தொகுதி 53 வரவேண்டும். 47 என்பது 2012. இணையத்தைத் திறக்காமலே அந்தப் பதிவில் கோளாறு இருப்பது தெரிந்துவிட்டது. அப்புறம் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தேடினோம், இல்லை. அடுத்த பதிவில் டிஓஐ எண், அதாவது ஒரு கட்டுரைக்கென்றே தரப்படும் அடையாள எண், இருந்தது. அதை அவளே டிஓஐ தளத்தில் இட்டுப் பார்த்தாள். அந்த எண்ணே பதிவில் இல்லை என்று வந்தது. மூன்றாவதற்கு என்னைக் கேட்கவில்லை, தானே செய்தாள்.

கடினமான பகுதி அதற்கு அப்புறம்தான். இடிபட்டவர்களில் எத்தனை குடும்பங்களுக்கு, தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில், மாற்று வீடு என்று எழுதவேண்டும். செய்திகளில் ஒரே எண்ணிக்கை இல்லை. எதை எடுப்பது? யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு அது எப்படித் தெரியும், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று கேட்கப் பழக்கவேண்டும். தீர்ப்பு உயர்நீதிமன்றத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழிவாரியான அட்டவணை, சி-16, இருப்பதும் தெரியாது. ஜன்பத்தில் தேசிய ஆவணக்காப்பகம் இருக்கிறது என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டாள். தில்லியில் வளர்ந்த பெண்.

ஆய்வு முறையியல் தாள் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது. கருதுகோள், மாதிரியெடுப்பு, கேள்விப்பட்டியல் எல்லாம் வருகின்றன. தரவுத்தளத்தில் எந்தச் சொல்லை வைத்துத் தேடுவது என்பது பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடுகிறது. நூலக அறிமுகம் என்று முதலாண்டில் அரைமணி நேரம் தருகிறார்கள். புத்தகம் எத்தனை, அபராதம் எவ்வளவு என்று சொல்வதற்குள் அடுத்த பிரிவு வாசலில் நிற்கிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறி என்று 2 கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இலேயே கட்டாயமாக்கியது. இருபது, இருபத்தொரு வயதில் முதல் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு அந்த அளவுகூட வேண்டாமா?

அந்த 10 சதவீதக் கணக்கையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒப்புமை மென்பொருள் ஏற்கெனவே உள்ள எழுத்தோடு ஒப்பிடுகிறது. கற்பனையாகச் செய்த மேற்கோள் வேறு எங்கும் இருக்காது, அதனால் அது தப்பிவிடும். துணைநூற்பட்டியலை விலக்காமல் ஓட்டினால், உண்மையான நூலை முறையாகக் குறிப்பிட்ட மாணவனின் பட்டியல்தான் அதில் நிறம் மாறி நிற்கும். அறிக்கையில் எண் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கட்டுரை இருக்கிறதா, அது சொன்னதைத்தான் மாணவர் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது யார்?

நான் கேட்பது இதுதான். தலைப்பு முடிவாகும் முன், மூன்றாம் ஆண்டில், ஒரு பருவம் முழுக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம், தேடவும் சோதிக்கவும் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. அதைத் துறை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து எடுக்கவேண்டும். மதிப்பெண் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

பணம் இல்லை என்று இந்த முறை சொல்ல முடியாது. ஆய்விதழ்களுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்துச் சந்தா கட்டும் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வாங்கியது. அதைத் திறந்தே பார்க்காமல் பட்டம் வாங்கிப் போகிறவர்களை நான் நூலகத்தில் அன்றாடம் பார்க்கிறேன். இன்னொரு பக்கம், நம்பத்தக்க இதழ்களைக் காட்டிவந்த யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். எந்த இதழ் நம்பத்தக்கது என்பதைக் கல்வி நிறுவனங்களே முடிவுசெய்ய வேண்டுமாம். பணம் கட்டினால் சில நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, ட்யூஷன் எடுத்துச் சம்பாதித்த காசை அனுப்பிவிட்டு வந்து நிற்கிற பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது? தர மதிப்பீட்டுக் குழு வரும்போது மட்டும் மின்னிதழ்களின் எண்ணிக்கையை நூலகத்திடம் கேட்டு வாங்குகிறீர்கள். அதை எத்தனை மாணவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியும் என்றும் ஒருமுறை கேளுங்கள். நூலகர் என்றால் சாவியை வைத்திருப்பவர் என்ற நினைப்பில் இனியும் எங்களை வைத்திருக்காதீர்கள்.

இந்திய நூலகவியலின் முன்னோடி, நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலக அறிவியலை இங்கே வளர்த்தவர். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது அவர் வகுத்த ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது. அவர் பிறந்தநாள் என்று கொண்டாடும் ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் வேலைசெய்த ஊரில், எந்த இதழ் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் மாணவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் கேட்டது கேட்டதுதான்: வாரம் ஒரு மணி நேரம், மூன்றாம் ஆண்டில், மதிப்பெண்ணோடு. அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை இறுதியாகும் முன் உங்கள் துறைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவி மறுபடி சமர்ப்பிக்க இன்னும் அவகாசம் கேட்கிறாள். அவளைப் போன்றவர்களுக்கு அதையும் தயவுசெய்து கொடுங்கள்.

பணிவன்புடன்,
ஒரு கல்லூரி நூலகர்
புது தில்லி