உச்சிப்புளியிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. சுவரில் ஒட்டியிருக்கும் பச்சைப் பூச்சி. கூட ஒரு வரிகூட இல்லை. உன் அறை எங்காவது தெரிகிறதா என்று அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அது அரளியில் வளரும் பருந்து அந்துப்பூச்சி. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் பார்த்ததுமே சொல்லிவிட்டார். ஆப்பிரிக்காவிலும் உண்டு, இங்கேயும் உண்டு. கோடையில் ஐரோப்பா வரை பறந்து போகுமாம். நம் வாசல் அரளியிலும் இப்போது புழு இருக்கிறது. விரல் நீளம், இலைப் பச்சை, வாலில் மஞ்சள் கொம்பு. தலைப்பக்கம் நீலமாக இரண்டு கண்கள்; உண்மையில் அவை கண்களே அல்ல, குருவியை மிரட்டத்தானாம். ஆடு வாய் வைக்காத இலையை அது மொட்டையடிக்கிறது. நந்தியாவட்டையிலும் ஏறிவிட்டது என்று அம்மா துடைப்பத்தோடு வந்தாள், நான்தான் தடுத்தேன். ஒன்று நேற்று பழுப்பாகிக் கீழே இறங்கிச் சருகுக்குள் போய்விட்டது, கூடு கட்ட. பூச்சியானபின் அந்தி நேரத்தில்தான் திரியும், பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும். பகலெல்லாம் அசையாமல் ஒட்டிக் கிடக்கும்.

நீ படமெடுத்ததும் பகலில்தான். செவ்வாய்க்கிழமை, உங்கள் ஊர்க் கணக்கில் காலை பதினோரு மணி. அது வேலை நேரம் அல்லவா?

சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு. ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிந்து மண்டபத்தில் விசைப்படகுகள் போகத் தொடங்கிவிட்டன. எனக்கும் ஐஸ் கம்பெனியில் வேலை இருக்கிறது. மேலத்தெருக்காரர் கணக்கு தீர்ந்தது. சின்னவளுக்குக் கல்லூரிப் பணமும் கட்டியாயிற்று. அம்மாவின் கழுத்தைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

நம் தெருவில் முதலில் டிப்ளமோ முடித்தவன் நீ. இன்றைக்கும் டீக்கடையில் அதைச் சொல்லாமல் நான் எழுந்ததில்லை. அப்படிப்பட்டவன் பேச வேண்டியதைப் பேசாமல் பூச்சியைப் படமெடுத்து அனுப்புகிறாய். மாதம் பிறந்தால் நான் வங்கிப் பக்கம் போவதுகூட இல்லை. அதை நினைத்துக்கொண்டு போன் செய்யாமல் இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே.

ஊருக்கு வர வேண்டுமென்றால் டிக்கெட்டுக்கு இங்கே ஏற்பாடு இருக்கிறது. பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறதா? வேறொன்றும் வேண்டாம், அதை மட்டும் எழுது.

அப்பா