இந்த சீசனை ஓடி முடிக்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தேசிய கார் பந்தய சாம்பியன்ஷிப்பின் இந்த சீசன் முடிந்துவிட்டது. ஜூனியர் டூரிங் கார் பிரிவில் எங்கள் மாருதி எஸ்டீம் எல்லாப் பந்தயங்களிலும் பந்தய முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடியைப் பார்த்துவிட்டுத்தான் பிட்டுக்கு, அதாவது அணிகள் காரைப் பராமரிக்கும் இடத்துக்கு, திரும்பியது. பெரிய நிறுவனங்களின் பின்பலம் இல்லாத ஒரு கோவை அணிக்கு இது சாதாரணக் காரியம் அல்ல. காரின் கதவில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அங்கே பெயர் எழுதியிருக்க வேண்டிய மற்றவர்களுக்காக இந்த மடல்.

முதல் நன்றி, சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தின் மார்ஷல்களுக்கு, அதாவது கொடி காட்டி ஓட்டுநர்களை எச்சரிக்கும் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு. கல்லூரி மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். விடியும் முன்பே வந்து, 3.717 கிலோமீட்டர் தளத்தில் ஆளுக்கொரு திருப்பத்தில் நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறார்கள். யார் ஜெயித்தார் என்பதுகூட அவர்களுக்குக் கடைசியில்தான் தெரியும். அவர்கள் பார்ப்பது தங்கள் திருப்பத்தை மட்டுமே.

ஒரு பந்தயத்தில் எனக்கு முன்னால் போன காரின் என்ஜின் உடைந்து எண்ணெய் கொட்டியிருந்தது. ஓட்டுபவரின் இருக்கையிலிருந்து எண்ணெய் தெரியவே தெரியாது. உச்சிவெயிலில் தார் முழுவதும் பளபளக்கும். முழு வேகத்தில் நேர்பாதையின் முடிவை நெருங்கியபோது, சி1 எனப்படும் முதல் திருப்பத்துக்கு முன், தளம் வழுக்கும் என்று எச்சரிக்கும் மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட கொடி ஆடியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அப்படியும் காரின் பின்பக்கம் வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தக் கொடி சில நொடிகள் தாமதித்திருந்தால் நான் தடுப்புச் சுவரில் இருந்திருப்பேன். பந்தயம் முடிந்து பார்க்கப் போனபோது, கொடி பிடித்த அந்தத் தங்கை எண்ணெயின் மேல் சிமென்ட் தூளைக் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொன்னேன். “அடுத்த ரேஸுக்கு நேரமாகிவிட்டது அண்ணா, கொஞ்சம் ஓரமாகப் போங்கள்” என்றார். அந்த அக்கறைக்கு என் வணக்கம்.

அடுத்து எங்கள் மெக்கானிக்குகள். தகுதிச் சுற்றில் மூன்றாவது கியர் தானாகக் கழன்று வர ஆரம்பித்தது. மாலையில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால் கியர் சீராக விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்துபோயிருந்தது. எஸ்டீம் உற்பத்தி 2007-இலேயே நின்றுவிட்டது. நினைத்த நேரத்தில் உதிரிபாகம் கிடைக்காது. புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாய், பூட்டிய கடையை எங்களுக்காக மறுபடி திறந்து, பழைய கியர்பாக்ஸ் ஒன்றைப் பிரித்து, தேயாத வளையமாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். இரவெல்லாம் வேலை. கைவிளக்கையும் ஜாக்கியையும் தந்ததோடு, தங்கள் பையன் ஒருவரையும் உதவிக்கு அனுப்பியது பக்கத்து பிட்டில் இருந்த அணி. புள்ளிப் பட்டியலில் எங்களோடு மோதிக்கொண்டிருந்த அதே அணிதான்! அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் அண்ணன், சஸ்பென்ஷன் புஷ்களைக் கடைந்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தார். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் முத்திரை வரை படித்துப் பார்த்த தொழில்நுட்பப் பரிசோதகர்கள், ஆம்புலன்சிலேயே மதிய உணவை முடித்துக்கொண்ட மருத்துவக் குழுவினர், வார இறுதிகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்த வீட்டார் என எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பெரியவர்களையும் நினைக்கிறேன். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி வந்தவர்கள், இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் அமைத்திருக்காவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு ஓட இடம் ஏது? எங்கள் ஊர் கரிவரதனுக்கும் அதே கடன் உண்டு. மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டி, குறைந்த செலவிலும் ஓட்டலாம் என்று காட்டியவர் அவர். 1995-இல் மறைந்தார். செட்டிபாளையத்தில் அவர் பெயர் தாங்கிய தளத்தில்தான் நான் பந்தயம் பழகினேன்.

மார்ஷல் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சீசனில் எங்கள் பிட்டில் காலைச் சாப்பாடு உங்களுக்கும் சேர்த்தே தயாராகும். உங்கள் இடத்துக்குப் போகும் முன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வர முடியாதவர்களுக்குப் பொட்டலம் கட்டி நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
எஸ்டீம் அணியின் ஓட்டுநர்,
கோயம்புத்தூர்