மடிப்பைப் பிரிக்காத மறுபதிப்பு

கோத்தகிரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து நாளாகிறது. மழையைக் காரணம் சொன்னால் சிரிப்பாய், ஆனால் அதுதான் காரணம். ஊட்டிக்காரர்கள் ஆடியில் நனைந்து முடித்துவிடுவார்கள், கிழக்குச் சரிவில் இருக்கிற எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழைக்காலம், கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது, கொடியில் போட்ட புடவை காய்வதற்குள் அடுத்ததும் நனைந்துவிடுகிறது. போன வாரம் கரடி ஒன்று கீழ்த்தெருக் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருந்த எண்ணெயை நக்கிவிட்டுப் போயிருக்கிறது. பூசாரி இனிமேல் தேங்காய் எண்ணெய் ஊற்றப் போவதில்லை என்கிறார், கரடிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா என்ன. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வாசகசாலைக்கு அலமாரி கிடைத்துவிட்டது, தெருக்காரர்கள் கொஞ்சம் பணமும் போட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு பட்டியல் அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். எல்லாருக்கும் பிடிக்கிற புத்தகம் என்று தேடினால் கடைசியில் பஞ்சாங்கம்தான் மிஞ்சும். ஒவ்வொரு புத்தகமும் உங்கள் தெருவில் யாராவது ஒருத்தரையாவது தூங்கவிடாமல் செய்ய வேண்டும், மற்றவர்கள் அதைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. நான் அப்படித்தான் யோசித்தேன். முதலில் நினைவுக்கு வந்தவன் உன் பேரன்.

அரியலூரில் இருந்துகொண்டு புதைபடிவம் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லாத வாசகசாலை வைத்தால் அந்த மண்ணுக்கே பொறுக்காது. நீங்கள் நடக்கிற தரை ஒரு காலத்தில் கடல் அடி. காரை என்கிற ஊர்ப் பக்கத்துக் களிமண்ணில் கிடக்கும் அம்மோனைட் சுருள்களுக்கு (அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் ஓடு) வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாக அப்பியிருப்பதைத்தான் சிமெண்ட் ஆலைகள் அரைத்து மூட்டை கட்டுகின்றன. சாத்தனூரில் படுத்திருக்கிற 18 மீட்டர் கல்மரத்தை நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டு எழுதினார், அதுவும் கரையிலிருந்து அடித்துவரப்பட்டு அந்தக் கடலில் அமிழ்ந்த மரம்தான். உங்கள் பக்கம் 2020-இல் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கிடைத்ததை டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரப்பினார்களே, பிறகு நிலவியல்காரர்கள் வந்து அம்மோனைட் என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அப்போது நீ எனக்கு அனுப்பிய படம் இன்னும் போனில் இருக்கிறது. உன் மாமியார் பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமமும் இதே அம்மோனைட் குடும்பம், நேபாளத்து கண்டகி ஆற்றிலிருந்து வருவது. இதைப் பையனிடம் சொல், பூஜை அறைப் பக்கமே போகாதவன் போய் நிற்பான்.

அவனுக்கு பிரணய் லாலின் இண்டிகா. 2016-இல் வந்தது, ஆங்கிலம்தான், தடிமனைப் பார்த்து மிரளாமல் படங்களிலிருந்து தொடங்கச் சொல். இந்தியத் துணைக்கண்டத்தின் ஆழ்காலக் கதையை நம் ஊர்ப் பாறைகளை வைத்தே சொல்கிறது என்பதால் முதலில் இதுதான். அப்புறம் ஸ்டீபன் ஜே கூல்ட் 1989-இல் எழுதிய வொண்டர்ஃபுல் லைஃப். கனடாவின் பர்ஜஸ் பாறையில் கிடைத்த 50 கோடி ஆண்டுப் பழைய பிராணிகளைப் பற்றியது, துப்பறியும் கதை மாதிரி போகும். ஆனால் ஒன்று. அதில் வருகிற ஹலூசிஜீனியா என்ற பிராணி முட்களையே கால்களாக ஊன்றி நிற்கும், முதுகில் கொடுக்கு கொடுக்காக ஏதோ ஆடும். 1991-இல் சீனத்துப் படிவங்களைப் பார்த்த பிறகுதான் படத்தைத் தலைகீழாக வரைந்திருந்தார்கள் என்று தெரிந்தது, முள் முதுகில், ஆடினவைதான் கால்கள். எனவே அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதி ஒட்டிவிட்டு அடுக்கில் வை. தப்பாகிப்போன பக்கம் உள்ள அறிவியல் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தால் போதும்.

இப்போது மறுபதிப்புகள். இதில்தான் எனக்குக் கோபம், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உங்கள் ஊர்ப் படிவங்களைப் பற்றிய மூல நூல்கள் 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும் வந்தவை. பாறை அடுக்குகளை பிளான்ஃபோர்டு எழுதினார், உள்ளே கிடந்த சிப்பி சங்குகளை இனம் பிரித்து ஒன்றொன்றாக விவரித்தவர் ஸ்டோலிச்கா, மொராவியாக்காரர், இந்திய நிலவியல் துறைக்கு வேலைக்கு வந்து 1874-இல் யார்க்கண்ட் போய்த் திரும்பும் வழியில் லடாக்கில் 36 வயதில் இறந்துபோனார். அந்த மாதிரி நூல்களில் எழுத்து பாதி, கல்லச்சுப் படங்கள் பாதி. படம் இல்லாவிட்டால் ஒரு சிப்பிக்கும் இன்னொரு சிப்பிக்கும் வித்தியாசம் சொல்லும் பக்கங்கள் வெறும் லத்தீன் மந்திரம். நான் ஆசைப்பட்டு ஒரு பழைய நிலவியல் நூலின் மறுபதிப்பைத் தபாலில் வரவழைத்தேன், விலையைச் சொன்னால் திட்டுவாய். பிரித்துப் பார்த்தால் நடுவில் இருந்த பெரிய வரைபடத்தை மடித்தபடியே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். மடிப்பின் மேல்பக்கம் மட்டும் தெரிகிறது, ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். படத் தகடுகளெல்லாம் கரிப் புகை. ஆனால் அட்டை மட்டும் மினுமினுவென்று, முன்பக்கத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு சூரிய அஸ்தமனம்.

தமிழிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. நம் சட்டப்படி ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கழிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், உ.வே.சா. 1942-இல் காலமானார், ஆகவே கணக்குப் போட்டுக்கொள். அது நல்லதுதான், மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அவர் போட்ட பதிப்பில் முகவுரை, நூலாசிரியர் உரையாசிரியர் வரலாறு, பாடபேதம், அரும்பத அகராதி என்று ஒரு கூட்டமே பின்னால் நிற்கும். மலிவுப் பதிப்புக்காரர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான், பக்கம் குறைந்தால் காகிதச் செலவு குறையுமே. எனக்கு அது மடித்த வரைபடமும் கட்டைவிரலும் மாதிரியே படுகிறது.

குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள். மலைக்காரி என்ற முறையில் எனக்கு அதன் மேல் தனிச் சொந்தம். கபிலர் 261 அடியில் பாடியது, அதில் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடியபோது கிடைத்த சுவடிகளில் சரியாக அந்தப் பூக்கள் இருந்த இடம்தான் சிதைந்து போயிருந்தது. பெண்கள் பூப்பறித்துக் குவிக்கிறார்கள், பூக்கள் மட்டும் இல்லை. மனுஷன் தவித்துப்போய்த் தேடினார், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அந்தப் பகுதி கிடைத்தது, 1889-இல் பத்துப்பாட்டும் அச்சில் வந்தது. அந்த ஒரு ஏடும் செல்லரித்திருந்தால் நம் கையில் இருப்பது ஓட்டை விழுந்த பாட்டு. இந்தக் கதையெல்லாம் தெரியாமல், வெறும் மூலத்தை மட்டும் அச்சடித்து ஒரு பையனிடம் கொடுத்தால், ஏதோ 99 பெயர் என்று புரட்டிவிட்டுப் போவான்.

டார்வினின் உயிரினங்களின் தோற்றத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கப் பாறைப் பதிவு எவ்வளவு குறையுள்ளது என்பதைப் பற்றியே வரும். உலக வரலாற்று நூலில் கடைசிப் பாகம் மட்டும் நம்மிடம் இருக்கிறது, அதிலும் இங்கொரு சின்ன அத்தியாயம் அங்கொன்று, ஒவ்வொரு பக்கத்திலும் சில வரிகள்தான் மிச்சம் என்கிறார். அது 1859. அதை வாசித்தபோது எனக்கு நேரே தருமபுரத்து ஏடுதான் கண்ணில் வந்தது. ஆகவே உன் அலமாரியில் படிவப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே உ.வே.சா. தன் வாழ்க்கையை எழுதிய ‘என் சரித்திரம்’ இருக்கட்டும், ஏடு தேடின கதைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. தலைப்பு வாரியாக அடுக்க வேண்டும் என்று யாராவது சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்.

எங்கள் மலையில் கல்லை உடைத்து எதையும் தேட முடியாது. இது சார்னோக்கைட், வயது 250 கோடி ஆண்டு பக்கம், பூமியின் அடியாழத்தில் வெந்த பாறை, இதற்குள் எந்த உயிரும் தடம் விட்டிருக்காது. (கல்கத்தாவைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படுகிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான், 1893-இல் ஹாலண்ட் என்பவர் அதைப் பார்த்துவிட்டுச் செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்.) ஆனால் ஊட்டி சாண்டிநல்லா பக்கம் சதுப்பில் மட்கிப்போன செடிகொடி அடுக்கு இருக்கிறது. சூழலியலாளர் சுகுமாரும் கூட்டாளிகளும் அந்தக் கரிமண்ணில் உள்ள கார்பனை அளந்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பனிக்காலத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் ஓங்கியிருந்தது, பிறகு ஈரம் கூடியபோது மரங்கள் ஏறின, இப்படி மாறி மாறி. புல்வெளி என்பது மனிதன் காட்டை எரித்து உண்டாக்கிய பொட்டல் என்று சொல்லிச் சொல்லித்தானே வாட்டில், யூகலிப்டஸ் மரமெல்லாம் நட்டுத் தீர்த்தார்கள். இதை ஒரு எளிய தமிழ்ப் புத்தகமாக யாராவது எழுதினால் என் பென்ஷனில் பத்துப் பிரதி வாங்குவேன்.

நாவல் படிக்கிற அக்காமார்களுக்கு அதிகம் யோசிக்கவில்லை. ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித்தேன் கட்டாயம், எங்கள் படுகர் ஊர்களின் கதை, இங்கே பக்கத்து வீட்டு ஹெத்தெ (படுகப் பாட்டி) ஒருவர் அதில் அங்கங்கே குறை சொல்வார், ஆனால் இரண்டு முறை படித்திருக்கிறார். பழசில் மாதவையாவின் பத்மாவதி சரித்திரம், 1898. அதோடு சேர்த்து அவர் மகன் மா. கிருஷ்ணனின் மழைக்காலமும் குயிலோசையும், தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. அப்பா நாவல்காரர், பிள்ளை காட்டுயிர்க்காரர், அந்த வீட்டுத் தமிழ் இரண்டிலும் தெளிவாக இருக்கும். பறவை பார்க்கிறேன் என்று தொடங்குகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன், கலர்ப் படக் கையேட்டை அப்புறம்.

வாங்கும்போது கடையில் நின்று பின்பக்கத்திலிருந்து புரட்டு. பெயர் அகராதி இருக்கிறதா, எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்களா, படங்கள் தெரிகின்றனவா. எதுவும் இல்லையென்றால் வைத்துவிட்டு வா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்பே முழுசாக இருந்தாலும் இருக்கும், அதைத் தேவையான பக்கம் மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே. எனக்கு இங்கே பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும், உனக்குக் கரையானும் சிமெண்ட் தூசியும். வசம்பு முடிச்சு போட்டு வை, அந்துருண்டை நாற்றம் எனக்கு ஆகாது.

சனிக்கிழமை மழை விட்டால் ஒரு பார்சல் போடுகிறேன், இண்டிகா என்னுடைய பிரதி, பேரனுக்கே இருக்கட்டும். அவன் கல் பொறுக்கினால் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைக்கச் சொல், எந்த ஓடை, எந்த மேடு என்று அன்றைக்கே எழுதிக் கல்லோடு கட்டி வைக்கச் சொல், இடம் எழுதாத படிவத்தை வைத்து ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது. தை பிறந்ததும் வருகிறேன், சாத்தனூருக்கு வண்டி ஏற்பாடு செய்து வை. வரும்போது உனக்கு ஆரஞ்சுப் பெக்கோ இலைத் தேயிலை வேண்டுமா, தூள் போதுமா?

உன்,
சாந்தி